ஏழுக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு கோடு

அந்தத் தேதியை நான் தெரியாமல்தான் தப்பாகப் படித்தேனா? நான்கு வருடமாக இதை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது ஒரு பதில் வருகிறது. துணி மடிப்பதற்குள் அது மாறிவிடுகிறது. நடந்ததை முழுவதும் எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று எழுதுகிறேன்.

நான் கிரிக்கெட் ஆடினவள். இடது கை சுழற்பந்து. கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருடம் மாநில அணியில் இருந்தேன். பெண்களும் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாத காலம் அது. ஆடுவதற்கென்று எங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்கிற வேலைதான் சம்பளம். எனக்கு ஈரோட்டில் கிளார்க் வேலை கிடைத்தது. காலை ஐந்தரைக்கு மைதானம், பத்து மணிக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்து. மேட்ச் என்றால் லீவு தருவார்கள். ரிசர்வேஷன் கிடைக்காமல், கழிப்பறைப் பக்கம் கிட் பைகளை அடுக்கி அவற்றின்மேல் உட்கார்ந்து நாக்பூர் வரை போயிருக்கிறோம். காலில் கட்டுகிற பேட் அணிக்கே இரண்டு ஜோடிதான். அவுட் ஆனவள் திரும்பி நடக்கும்போதே குனிந்து பட்டையைக் கழற்றுவாள். அடுத்தவள் பாதி வழியில் வாங்கிக் கட்டிக்கொள்வாள். அம்பயர் சிரித்துக்கொண்டே காத்திருப்பார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் பீச்சாங்கை, இங்க வாடி." வீட்டில் இடது கையை நீட்டினால் அம்மாவிடம் அடி விழும். மைதானத்தில் அந்தக் கைக்குத்தான் மரியாதை. ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் பந்தின் தையல் உரசி உரசி காய்ப்பு ஏறியிருந்தது. பெண் பார்க்க வந்தபோது காபி டம்ளரை வலது கையில் கொடுத்துவிட்டு அந்த விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அப்பா மறைக்கவில்லை. வந்தவர்களிடம் நேராகவே சொன்னார். "என்ற பொண்ணு கல்யாணத்துக்கப்புறமும் வெளையாடோணுங்க. அதுக்குச் சம்மதம்னா மேக்கொண்டு பேசலாம்."

"அதுக்கென்னங்க மாமா, அங்கயும் கிரவுண்டு இருக்குது," என்றார் என் கணவராகப் போகிறவர். பொய் சொல்லவில்லை. இருக்கும் என்று நிஜமாகவே நம்பினார்.

கிரவுண்டு இருந்தது. மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து பத்து நிமிடம் காரில் போனால் வெஸ்ட் வின்ட்சர் பக்கம் ஒரு பார்க். சனிக்கிழமை அவருடைய நண்பர்கள் டென்னிஸ் பந்தில் கறுப்பு டேப் சுற்றி ஆடுவார்கள். நான் டிபன் டப்பாக்களோடு புல்லில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஆள் குறைந்தது.

"சிஸ்டர், நீங்க ஒரு ஓவர் போடுங்க. நாங்க மெதுவா அடிக்கிறோம்."

சுடிதாரோடு போட்டேன். மூன்றாவது பந்து, இறங்கி அடிக்க வந்தவரைத் தாண்டித் திரும்பி ஸ்டம்பில் பட்டது.

"டேப் பிரிஞ்சிருக்குடா, அதான் திரும்புச்சு."

"டேய், அவ ஸ்டேட் ப்ளேயர்டா," என்றார் என் கணவர்.

"அப்ப வீட்ல நீ எப்படிடா சமாளிக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை ஒருவர் ஸ்கோர் நோட்டை என்னிடம் கொடுத்து, "உங்க ஹேண்ட்ரைட்டிங் நல்லா இருக்கும் சிஸ்டர்," என்றார்.

கணவருடைய ஆபீஸிலும் ஒரு கூத்து நடந்தது. "என் ஒய்ஃப் ஒரு பவுலர்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்கர்கள் ஆசையாக எங்களைப் பவுலிங் ஆலிக்கு அழைத்துப்போனார்கள். மூன்று ஓட்டை போட்ட கனத்த பந்து, அதை உருட்டிச் சாய்க்கத் தூரத்தில் பத்து கட்டைகள், வாடகை ஷூ. நான் உருட்டிய பந்து ஓரப் பள்ளத்தில் விழுந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு கைதட்டினார்கள். விளக்கிச் சொல்ல அப்போது எனக்கு ஆங்கிலம் வரவில்லை. இல்லை, வந்திருக்கும். அவருக்குச் சங்கடமாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் போனது. மகள் பிறந்தாள். ஈரோட்டு வேலையை நான் விடவில்லை. சம்பளமில்லாத நீண்ட விடுப்பில்தான் இருந்தேன்.

மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது, மே மாதம் முதல் வாரத்தில், அந்தக் கடிதம் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்ததை, எங்களுக்குப் பக்கத்து ஊரான எடிசனுக்குக் கிளம்பிய உறவுக்காரர் ஒருவரிடம் அப்பா கொடுத்தனுப்பியிருந்தார். இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் முகாமுக்கான அழைப்பு. பெங்களூரில் நடக்கிறது. 7/6 அன்று காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும் என்று டைப் அடித்திருந்தது. கூடவே ஒரு துண்டுத் தாளில் மேடத்தின் கையெழுத்து: "நம்ம லெஃப்ட் ஆர்ம் பொண்ணுக்கு முட்டி போயிடுச்சு. இடம் காலி. உனக்காகச் சண்டை போட்டு பேரைச் சேர்த்திருக்கேன். இதுக்கு மேல என்னால முடியாது. வந்து சேரு."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சத்தமாகப் படித்தேன். "ஜூலை ஆறு" என்று படித்தேன்.

"ஜூலை ஆறா? சம்மர் பீக். டிக்கெட் இப்பவே பாக்கணும்," என்று கணவர் எழுந்து காலண்டரில் வட்டம் போட்டார். "போயிட்டு வாம்மா. பாப்பாவை உங்கம்மா பாத்துக்குவாங்க. உங்கப்பாகிட்ட வாக்கு கொடுத்திருக்கேன்ல?" ஜூன் இருபத்தெட்டுக்கு டிக்கெட் போட்டார்.

கடிதத்தை ஃப்ரிட்ஜின்மேல் காந்தத்தில் ஒட்டிவைத்தேன். அன்றிலிருந்து தாய்ப்பாலை நிறுத்தப் பழக்கினேன். முகாமில் இருக்கும் நாட்களில் மகள் ஈரோட்டில் புட்டிப்பால் குடித்தாக வேண்டும். அவள் புட்டியைத் தள்ளிவிட்டு என் நைட்டியைப் பிடித்து இழுப்பாள். அவரிடம் கொடுத்துவிட்டு அபார்ட்மெண்ட் டென்னிஸ் கோர்ட்டுக்குப் போவேன். தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரே ஒரு கிரிக்கெட் பந்தை அதில் விழும்படி போட்டுப் போட்டுப் பார்ப்பேன். எடுக்க நானே ஓடவேண்டும். பால் கட்டி மார்பு கல்லாகி, கையைச் சுழற்றும்போதெல்லாம் வலிக்கும். எங்கேயாவது யாருடைய குழந்தையாவது அழுதால் சட்டை நனைந்துவிடும். துண்டைக் குறுக்கே போட்டுக்கொண்டு போட்டேன். மூன்றாவது வாரம் பந்து மறுபடி திரும்பத் தொடங்கியது. விரலில் தோல் சிவந்து தடித்தது. யாரிடமும் காட்டாமல் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு ஞாயிறு அப்பாவோடு ஃபோனில் பேசினேன். இரைச்சல், ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு முறை கேட்டது.

"ஏழாந்தேதின்னா ஒரு வாரம் முன்னாடியாச்சும் வந்தரோணுங்கண்ணு."

"ஆறாந்தேதிங்கப்பா."

"ஏழுன்னு போட்டிருந்தாப்பல இருந்துச்சே."

"ஆறுதானுங்கப்பா. லெட்டர் என்ற கிட்டத்தான இருக்குது."

"செரி கண்ணு. நீ படிச்சவ."

எந்த மாதம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டிக்கெட் போட்டாகிவிட்டது, வந்துவிடுவேன் என்றேன். என்றைக்கு என்று சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அதற்கப்புறம் மழையில் அவர் வீட்டு ஃபோன் செத்துவிட்டது. இரண்டு ஞாயிறு அடித்துப் பார்த்தேன். எப்போதும் எங்கேஜ் சத்தம்.

ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை இட்லிக்குத் தட்டு போட்டிருந்தேன். ஃபோன் அடித்தது. அப்பா எங்களைக் கூப்பிடுவதே கிடையாது.

"கண்ணு, எங்கிருக்கற நீ?"

"வீட்லதானுங்கப்பா. நீங்க எங்கிருந்து பேசறீங்க?"

"பூத்துல இருந்து. மேடமும் கூட வந்திருக்காங்க. நேத்தே கேம்ப் ஆரம்பிச்சிருச்சாமா. நீ வரலீன்னு அவங்களுக்கு ஃபோன் வந்திருக்குது."

"நேத்தா? ஜூலை ஆறுங்கப்பா அது. இன்னும் நாலு வாரம் இருக்குதுங்க."

 

"ஏழு ஆறு, கண்ணு," என்றார் அப்பா. மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஜூன் ஏழு."

ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். ஏழு, ஒரு கோடு, ஆறு. ஊரில் நாளை முதலில் எழுதுவார்கள். இங்கே மாதம்தான் முதலில்.

பூத்துக்குள் மேடத்தின் குரல் கேட்டது. "என்னவாம்? ஃப்ளைட் லேட்டா?"

அப்பா ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சொன்னதும் கேட்டது. "கொழந்தைக்கு மேலுக்குச் சொகமில்லீங்களாமா மேடம். உட்டுட்டு வர மனசில்லீங்களாமா."

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். படிக்கவைத்த பெண்ணுக்கு ஒரு தேதி படிக்கத் தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது. இல்லை அப்பா, தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்லுங்கள், இப்போதே கிளம்பி வருகிறேன் என்று நான் கத்தியிருக்கலாம். முகாமில் அது இரண்டாம் நாள்தான். புதன்கிழமைக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். சேர்த்துக்கொண்டிருப்பார்களா, தெரியாது. கேட்கவாவது செய்திருக்கலாம்.

மேடம் ஃபோனை வாங்கினார். "பீச்சாங்கை."

"மேடம்."

"கொழந்தை முக்கியம்தான்டி. நான் இல்லைங்கல. ஆனா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா இன்னொரு பொண்ணு பேரையாவது கொடுத்திருப்பேன்ல?"

"சாரி மேடம்."

லைன் துண்டிக்கப்பட்டது. அவர் வைத்தாரா, தானாகப் போனதா, தெரியவில்லை.

கணவர் குழந்தையோடு வந்து நின்றார். "என்னாச்சும்மா? யாரு?"

"அப்பா. நான் போகலைங்க. பாப்பாவை விட்டுட்டு என்னால முடியாதுங்க."

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நல்லா யோசிச்சுதான் சொல்றியா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தலையாட்டினேன். காலண்டரில் வட்டம் ஜூலையில் இருந்ததால் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. திங்கட்கிழமை டிக்கெட்டை ரத்து செய்தார்.

இட்லி கல்லாகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அவள் வழக்கம்போல நைட்டியைப் பிடித்து இழுத்தாள். அன்று நான் அவளைத் தடுக்கவில்லை. பால் இன்னும் இருந்தது. அவள் குடிக்கக் குடிக்க நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனால் உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. இவளை விட்டுப் போகவேண்டாம் என்று அந்த நிமிடம் உள்ளே ஏதோ ஒன்று கால் நீட்டி உட்கார்ந்தது. அதனால்தான் இந்தச் சந்தேகம்.

எனக்குச் சாதகமாகப் பேச நிறைய இருக்கிறது. இரண்டு வருடமாக எதை எழுதினாலும் மாதத்தை முதலில் எழுதியே பழகியிருந்தேன். டிரைவிங் லைசென்ஸ், டாக்டர் ஆபீஸ் ஃபாரம், குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும். முதல் வருடம் தப்புத் தப்பாக எழுதி கணவரிடம் திட்டு வாங்கி, பிறகு கை தானாக மாறிவிட்டது. இந்தத் தப்பைச் செய்ய எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

ஆனால் அந்தக் கடிதத்தின் தலையில், அதை எழுதிய தேதியும் இருந்தது. 22/4. இருபத்திரண்டாம் மாதம் என்று ஒன்று எந்த ஊரிலும் கிடையாது. அந்தத் தாள் ஃப்ரிட்ஜின்மேல் ஒரு மாதம் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து மூடியிருப்பேன்? மேலே இருந்த தேதியைச் சரியாகத்தான் படித்தேன், ஏப்ரலில் எழுதியிருக்கிறார்கள் என்று. நான்கு விரற்கடை கீழே இருந்ததை மட்டும் எப்படி மாற்றிப் படித்தேன்? அப்பா ஏழாந்தேதி என்று வாய்விட்டுச் சொன்னபோதும் ஏன் எழுந்து போய் ஒரு தடவை பார்க்கவில்லை?

முகாமிலிருந்து வேறொரு மாநிலத்துப் பெண் அணிக்குப் போனாள். நன்றாக ஆடினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் விடுப்பும் முடிந்தது. ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதி அனுப்பினேன். விரலில் தோல் மெத்தென்று ஆகிவிட்டது.

அப்பாவும் நானும் அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. ஆனால் அதற்குப்பின் அவர் எனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் மாதத்தை எழுத்தால் எழுதினார். ஆகஸ்ட் என்று, டிசம்பர் என்று, தெளிவாக. போன வருடம் அவர் இறந்துவிட்டார். நடந்தது தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

கணவர் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் கதை வேறு. விருந்துக்கு யார் வந்தாலும் சொல்வார். "இந்தியா டீம் கேம்ப்புக்கு லெட்டர் வந்துச்சுங்க. பாப்பாவுக்காக வேண்டாம்னுட்டா." பெண்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு ஆன்ட்டி, "நீதாம்மா நிஜமான தாய்," என்றார். நான் சாம்பாரைப் பரிமாறிக்கொண்டிருப்பேன். நல்ல மனிதர் அவர். இந்தக் கதையால்தான் என்மேல் அவருக்கு இவ்வளவு மரியாதையோ என்றும் பயமாக இருக்கிறது.

மகளுக்கு இன்னும் ஐந்து முடியவில்லை. தமிழ் எல்லாம் புரியும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். ஒன்பது நாளைக்கு முன் எங்கள் வீட்டில் விருந்து நடந்தபோது மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அந்தக் கதையை மறுபடி சொன்னார். மறுநாள் காலை அவளுக்கு டேகேர் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வாஸ் இட் பிகாஸ் ஆஃப் மீ?"

"எதுடா கண்ணு?"

"தி டீம்."

நான் பின்னலைத் தொடர்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "யூ கேன் கோ நௌ, அம்மா. ஐ ஆம் பிக். டாடி கேன் டூ மை ஹேர்."

அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து அவள் தானாகவே ஷூ போட்டுக்கொள்கிறாள். தூக்கச் சொல்லிக் கேட்பதில்லை. நேற்று பார்க்கில் விழுந்து முழங்கால் சிராய்த்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. குளிக்க வைக்கும்போதுதான் பார்த்தேன். "இட்ஸ் ஓகே, அம்மா, இட்ஸ் ஓகே," என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள்.

உன்னால் இல்லை, அம்மா ஒரு தேதியைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொன்னால் அந்தச் சின்னத் தோளிலிருந்து பாரம் இறங்கிவிடும். ஆனால் அவள் அதை நேரே அவள் அப்பாவிடம் போய்ச் சொல்வாள். நான்கு வருடமாக ஊர் முழுக்க ஒரு பொய்யைச் சொல்ல விட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியவரும். என் அப்பா சொன்ன பொய்யும் வெளியே வரும், பதில் சொல்ல அவர் இல்லை. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பெரிய பயம் வேறு. வெறும் தேதித் தப்பு என்று நான் சொல்வதும் பொய்யாக இருந்தால்? இவளை விட்டுப் போக மனமில்லாமல்தான் என் கண் அப்படிப் படித்தது என்றால், அவள் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். அதை எந்தத் தாய் ஒரு குழந்தையிடம் சொல்வாள்?

இதைப் படிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளைக்காக எதையாவது விட்டவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காக எதையோ விட்டதாகச் சொல்லும் அம்மாவிடம் வளர்ந்தவர்களும் இருப்பீர்கள். அவர்கள்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். முதலில் கணவரிடம் பேசவேண்டுமா, மகளிடமா? ஐந்து வயது நிரம்பாத பெண்ணிடம் எந்த வார்த்தையில் சொல்வது? அவள் மறுபடி என்னிடம் "தூக்கு" என்று கேட்கவேண்டும். அதற்கு நான் என்ன செய்யவேண்டும், தயவுசெய்து எழுதுங்கள்.